கதவைத் திறந்தால்தானே தெரியும்

ஒருவரைப் பார்த்ததும் ‘இவர் இப்படித்தான்’ என்று மனசு முடிவு கட்டிவிடுகிறதே, அந்தக் குற்றம் யாருடையது? நம்முடையதா, மூளையுடையதா?

மூளை சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று கணித்துக்கொண்டே இருக்கிறது. வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1990களில் குரங்குகளை வைத்து இதை ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் குரங்கின் டோபமின் நரம்பணுக்கள் துள்ளின. சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரியும் என்று பழகியபின், விளக்கு எரிந்த உடனேயே துள்ளின. சாறு வந்தபோது சலனமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய நேரத்தில் அடங்கிப்போயின. அதாவது, கணிப்புக்கும் நடப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் மூளைக்குப் பாடம் சொல்லித்தருகிறது.

அரையிருட்டில் கயிற்றைப் பாம்பாகக் காணும் வேதாந்த உவமை நமக்குத் தெரியும். பயந்தது தப்பில்லை. விளக்கைக் கொண்டுவந்து பார்க்காமல் ஓடிப்போனால், அது ஆயுசுக்கும் பாம்புதான்!

என் கவலை இங்கேதான். வாடகை வீடு கேட்டுப் போன் செய்கிறோம். பெயரைக் கேட்டதுமே “வீடு போயிடுச்சு” என்கிறார்கள். நம்மில் பலருக்கு இது புதுசில்லை. அந்த வீட்டுக்காரரின் கணிப்பு ஏன் மாறுவதே இல்லை? நம்மைக் குடிவைத்தால்தானே அது பொய்யாகும்? குரங்குக்குக் கிடைத்த வாய்ப்புகூட அவர் மூளைக்குக் கிடைப்பதில்லை; அவரே கதவைச் சாத்திவிட்டார்.

சரி, நாம் மட்டும் என்ன? பச்சை குத்திய பையனைப் பார்த்து, “இவனெல்லாம் தொண்டு செய்ய வருவானா?” என்று கூப்பிடாமலே விடுகிறோமே! கூப்பிடாதவன் வரமாட்டான், நம் கணிப்பும் ஜெயித்த மாதிரி இருக்கும்.

“எச்சரிக்கையா இருக்கிறது தப்பா?” என்று நீங்கள் கேட்கலாம். தப்பில்லை. ஆனால் எச்சரிக்கை விசாரித்துப் பார்க்கும்; முன்முடிவு விசாரிக்கவே விடாது. அதுதான் வித்தியாசம்.

ஆகவே நான் சொல்வது இதுதான்: முதலில் தோன்றும் எண்ணத்துக்கு நாம் பொறுப்பில்லை; அது பழக்கம் தந்தது. அதைச் சோதிக்காமல் விட்டால், அந்தப் பொறுப்பு முழுக்க நம்முடையது. அடுத்த கூட்டத்துக்கு, ‘வரவே மாட்டான்’ என்று நினைக்கும் ஒருவனை நேரில் போய்க் கூப்பிடுங்கள். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, கேட்டுத் தெரிந்துகொண்டதாக இருக்கும்.