உழுத நிலத்துச் செம்மலர்



ஐரோப்பாவின் கோதுமை வயல்களில் பாப்பி என்றொரு செந்நிறக் காட்டுப்பூ உண்டு. நம் சமையலில் சேரும் கசகசாவைத் தரும் செடிக்கு இது உறவு. இதன் ஆயுசு ஒரு வருஷத்துக்கு மேல் இல்லை. கோடையின் தொடக்கத்தில் பூக்கும். நான்கு இதழ்களும் ஓரிரு நாளில் உதிரும். விதை விட்டபின் செடியும் காய்ந்துபோகும். ஆயினும் அது பரவும் விதத்தைப் பாருங்கள். அதன் காய் ஒரு சிறு குப்பி போன்றது. மூடியின் கீழே சுற்றிலும் துவாரங்கள். காற்றில் காம்பு ஆடும்போது அவற்றின் வழியே விதைகள் மணல்போலச் சிதறும். ஒரே செடி ஆயிரக்கணக்கான விதைகளை விட்டுச் செல்கிறது.

அவையெல்லாம் உடனே முளைப்பதில்லை. புதைந்துபோனவை வெளிச்சம் காணாமல் உறங்குகின்றன. மேலே புல் அடர்ந்துவிட்டால், "இங்கே பூவே இல்லை" என்று வழிப்போக்கர் சொல்லிப் போவார்கள். விதையோ பல்லாண்டுகள் உயிரோடு காத்திருக்கிறது. ஏர் வந்து மண்ணைக் கிளறி, வெயில் பட்டால் முளைக்கிறது.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்தத்தில் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி பீரங்கிக் குண்டுகளால் சின்னாபின்னமாயிற்று. அங்கே, புதுக் கல்லறைகளின் நடுவே, பாப்பிகள் செக்கச்செவேலென்று பூத்தன. கனடா நாட்டு இராணுவ மருத்துவர் ஜான் மக்ரே 1915-ல் அவற்றைப் பற்றிக் கவி பாடினார். இன்றும் நவம்பர் மாதத்தில் பிரிட்டன் மக்கள் மாண்டோர் நினைவாக அப்பூவின் உருவைச் சட்டையில் அணிகிறார்கள்.

குண்டு அந்தப் பூவை உண்டாக்கிற்றா? இல்லை. யுத்தம் மனிதரின் பாவம். அதைச் சர்வேசுரன் மேல் சுமத்தலாகாது. குண்டு மண்ணைக் கிளறியது, அவ்வளவே. விதை முன்னமே அங்கே இருந்தது.

பெற்றோரே, இது உங்களுக்கு. "சாமி, என் மகன் பட்டணம் போனபின் பூசைக்கே போவதில்லை, சிறுவயதில் கற்பித்ததெல்லாம் வீண்" என்று கண்ணீர் விடுகிறீர்கள். வீண் என்று யார் சொன்னது? அர்ச். மோனிக்கம்மாள் தன் மகன் அகுஸ்தீனுக்காக எத்தனையோ வருஷம் அழுது வேண்டினாள். அவர் 387-ல், தமது 32-ம் வயதில், மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். தாய் விதைத்த விதை அத்தனை காலமும் சாகவில்லை.

உங்கள் பிள்ளையின் வாழ்விலும் ஏர் ஓடும் நாள் வரும். வியாதியோ, நஷ்டமோ, ஒரு மரணமோ அந்த நெஞ்சைக் கிளறும். அந்நாளில் அவன் தலைகுனிந்து வாசலில் வந்து நிற்பான். அப்போது பழைய கணக்கை எடுக்காதீர்கள். "இப்போதுதான் வழி தெரிந்ததோ?" என்று கேட்காதீர்கள். இளமுளையை மிதிக்க ஒரு சொல் போதும். உள்ளே அழைத்து, சோறு போட்டு, இரவு ஜெபத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டாரே, உங்களுக்கு விதைக்கும் காலம் இதுவே. இன்றிரவே குழந்தையின் கையைப் பிடித்துச் சிலுவை அடையாளம் வரையக் கற்றுக்கொடுங்கள். அது முளைப்பதை நீங்கள் காணாமலே போகலாம். நிலத்துக்குச் சொந்தக்காரர் காண்பார்.