டிரைவர் எங்கே படுப்பார்?

கொடைக்கானலில் இருபத்துநான்கு அறைகள் கொண்ட பழைய விடுதி ஒன்று விலைக்கு வந்தது. சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தின் நிதிப் பிரிவில் பட்ஜெட்டும் காலாண்டுக் கணக்கும் போட்டுப் போட்டே தலை நரைத்த ஒருவர், வேலையை விட்டுவிட்டு, இரண்டு கூட்டாளிகளோடு அதை வாங்கலாமா என்று பார்க்கப் போனார். டிசம்பர் மாதம். ராத்தங்கல் அதே விடுதியில். செல்போன் சார்ஜரைக் காரிலேயே விட்டது நினைவுக்கு வரவே நள்ளிரவு தாண்டிக் கீழே இறங்கினார். வாடகைக் காரின் பின்கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அந்த இடைவெளியில் ஒரு துண்டு செருகியிருந்தது. சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு.

கண்ணாடியைத் தட்டினார். உள்ளே படுத்திருந்தவர் பதறி எழுந்து கேட்டது ஒன்றே: “கெளம்பணுமா சார்?”

“இல்லண்ணே, சார்ஜர். ஏன், உள்ள படுக்க எடம் இல்லையா?”

“இருக்கு சார். ஹால்ல ஏற்கெனவே ஆறு பேரு. நமக்கு இது பழகிருச்சு.”

இதில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. மலையேறும் எந்த ஊரிலும் சீசன் நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தால் இப்படிப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் சென்னைக்குத் திரும்பி, வாங்கல் கணக்கை எக்செல்லில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு வட்டி விகிதம் கண்ணில் படவில்லை. துண்டுதான் பட்டது.

அந்தத் துண்டில் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணாடியை முழுக்க ஏற்றினால் மூச்சுக்காற்றின் ஈரம் படிந்து உள்ளே புழுங்கும். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுத் தூங்கினால் புகை உள்ளே வந்து ஆளையே கொன்றுவிடலாம். திறந்து வைத்தாலோ, ஏழாயிரம் அடி உயரத்து டிசம்பர் குளிர். காற்று வரவேண்டும், குளிர் வரக்கூடாது. இதற்கு எத்தனையோ இரவுகளில் கண்டுபிடித்த விடை, கண்ணாடி இடுக்கில் ஒரு துண்டு. அபாயத்தை இப்படி இரு பக்கமும் அணைகட்டுவதற்குத்தான் நிதித்துறையில் ஹெட்ஜிங் என்று பெயர் வைத்து, பெரிய சம்பளமும் தருகிறார்கள்.

அவர் வேலையை விட்டதற்கான காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார். மனைவியிடம் சொன்னது அலுப்பு. கூட்டாளிகளிடம் சொன்னது வாய்ப்பு. உண்மையில் பல வருஷமாக அவர் மனதில் கிடந்தது ஒரு பழைய பேரம். 2007-ல் பிளாக்ஸ்டோன் நிறுவனம் ஹில்டன் ஓட்டல்களைச் சுமார் 2,600 கோடி டாலருக்கு வாங்கியது. மறு வருஷமே உலகச் சந்தை கவிழ்ந்தது. இவர்கள் தொலைந்தார்கள் என்று ஊரே பேசியது. பொறுத்திருந்து, 2018-ல் கடைசிப் பங்கையும் விற்று வெளியே வந்தபோது லாபம் சுமார் 1,400 கோடி டாலர். இதை இளநிலை ஊழியர்களுக்கு அவர் பாடமாகவே நடத்துவார். நடத்திக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள், தாமும் ஒரு கட்டடத்தின் சுவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஓட்டல் முதலீட்டின் அரிச்சுவடி எளிது. அறை வாடகையின் சராசரியை, அறைகள் நிரம்பும் விகிதத்தால் பெருக்கினால் வருவது ரெவ்பார். மொத்தத் தொழிலும் இந்த ஒற்றை எண்ணைச் சுற்றித்தான் ஓடுகிறது. இன்று ராத்திரி காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு இரண்டாக விற்க முடியாது. ஆகவே சும்மா கிடக்கும் இடம் என்றாலே முதலீட்டாளருக்கு உடம்பு அரிக்கும்.

இந்த அரிப்பைக் கலையாகவே மாற்றியவர் கான்ராட் ஹில்டன். 1919-ல் டெக்சாஸில் சிஸ்கோ என்ற எண்ணெய் ஊருக்கு அவர் போனது வங்கி வாங்க. பேசிய விலையை விற்பவர் கூட்டிவிட்டதால் கோபத்தில் வெளியே வந்து, எதிரே தெரிந்த மோப்ளி ஓட்டலுக்குள் நுழைந்தார். படுக்க இடம் கேட்டு ஒரே கூட்டம். எண்ணெய்த் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தவணையாக ஒரே கட்டிலை நாளுக்கு மூன்று முறை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது அறைகள், நாற்பதாயிரம் டாலர். வங்கியை மறந்தார், ஓட்டலை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் காரியம், சாப்பாட்டு அறையை எடுத்துவிட்டு அங்கே கட்டில்களைப் போட்டது. வெறும் இடத்தில் தங்கம் தோண்டுவது என்பது அவர் கொள்கை. பிற்பாடு, 1949-ல் நியூயார்க் வால்டோர்ஃப் அஸ்டோரியா கைக்கு வந்தபோது, வரவேற்புக் கூடத்தின் பெரிய தூண்கள் உள்ளே வெற்றுக்கூடு என்று தெரிந்து, அவற்றைக் கண்ணாடிப் பெட்டிகளாக்கிக் கடைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்.

ஹில்டனின் சுயசரிதையை நம்மவர் கல்லூரி நாட்களில் படித்தது. மோப்ளிக் கதை நினைவில் இருந்தது. கொடைக்கானல் விடுதியின் வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கண் போய் நின்ற இடமும் அதே ரகம்: வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி, டிரைவர்கள் படுக்கும் ஹால். வருமானம் பூஜ்யம். பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல் மட்டும் இரண்டு.

அங்கே இரண்டு டீலக்ஸ் அறைகள் போடலாம். சராசரி வாடகை ₹3,500, வருஷத்தில் 60 சதவீதம் நிரம்பினால் ஓர் அறைக்கு ₹7,66,500. இரண்டுக்கும் சேர்த்து 15 லட்சத்து 33 ஆயிரம். வரவேற்பாளரும் சமையல்காரரும் ஏற்கெனவே இருக்கிறார்கள், ஆகையால் பாதி கையில் நிற்கும். ஏழரை லட்சம் என்று வையுங்கள். விற்கும் காலத்தில் வாங்குபவர் பத்து சதவீத வருவாய் எதிர்பார்த்தால், கட்டடத்தின் விலையில் 75 லட்சம் கூடும். மாற்றிக் கட்டச் செலவு முப்பது லட்சம். ₹7,500 வரை வாடகை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், ஆனால் டைல்ஸுக்கும் கட்டிலுக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அதையும் சேர்த்துதான் முப்பது. திட்டத்தில் இருந்த எல்லா யோசனைகளிலும் இதற்கே வருவாய் விகிதம் அதிகம்.

இந்தக் கணக்கைப் போட்டது மலைக்குப் போவதற்கு முன்னால். அதுதான் சங்கடம்.

கூட்டாளிகளில் ஒருவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. “டிரைவருக்குத்தான் பார்ட்டி பேட்டா குடுக்குதே. தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும்தான அது?” ஆமாம். ஆனால் பேட்டாவில் ராத்தங்கலை மிச்சம் பிடித்தால்தான் அது வீட்டுக்குப் போகும். படுக்கைக்கு இருநூறு ரூபாய் என்று போர்டு வைத்தால் துண்டு மறுபடி கண்ணாடிக்குத்தான் போகும். இன்னொன்றும் உண்டு. சுற்றுலா ஊர்களில் ஆள் கொண்டுவந்து விடும் டிரைவருக்கு விடுதிகள் கமிஷன் தருவது வழக்கம். இந்த விடுதியின் செலவுக் கணக்கிலும் அப்படி ஒரு தலைப்பு இருந்தது. ஆக, டிரைவர் கணக்கில் இல்லாத ஆள் அல்ல. ஆளைக் கூட்டிவரும் வரைக்கும் இருக்கிறார், அதற்குப் பிறகு இல்லை.

அவர் படுக்க இடம் தரவேண்டியது யார் பொறுப்பு? காரில் வந்த விருந்தாளியா, டிராவல்ஸ்காரரா, விடுதியை நடத்துபவரா, கட்டடத்துக்குச் சொந்தக்காரரா? பெரிய ஓட்டல் உலகம் இந்தக் கேள்வியே எழாதபடி செய்துவைத்திருக்கிறது. 1993-ல் மாரியட் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. கட்டடங்களும் கடன்களும் ஒரு கம்பெனிக்கு, பெயரும் நிர்வாகமும் இன்னொன்றுக்கு. இன்று உலகெங்கும் அதுவே நடைமுறை. வாசலில் இருக்கும் பெயர் ஒருவருடையது, நிலம் வேறொருவருடையது, சம்பளம் போடுவது சில இடங்களில் மூன்றாமவர். விருந்தாளியை வரவேற்பவருக்கு வீடு சொந்தமில்லை, வீட்டுக்காரர் விருந்தாளியைப் பார்த்ததில்லை. முதலீட்டாளருக்கு இது பெரிய நிம்மதி. நம்மவரும் மேலாளரிடம் ஒப்படைத்துவிட்டு மாதம் ஒரு முறை அறிக்கை படிக்கும் உத்தேசத்தில்தான் இருந்தார்.

சிறுவயதில் ஒரு திருச்செந்தூர்ப் பயணம் அவருக்கு அடிக்கடி நினைவு வருகிறது. வாடகை வேன். அம்மா விடியற்காலையில் புளியோதரைப் பொட்டலம் கட்டுகிறாள். அப்பா தலையை எண்ணுகிறார். “டிரைவர விட்டுட்டீங்க” என்று அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுக்கிறாள். வழியில் மரத்தடியில் நிறுத்தியபோது முதல் பொட்டலம் டிரைவருக்குப் போனது. இது வரைக்கும் படம் தெளிவு. அன்று ராத்திரி எல்லோரும் சத்திரத்தில் ஜமக்காளம் விரித்துப் படுத்ததும் ஞாபகம் இருக்கிறது. டிரைவர் எங்கே படுத்தார் என்பது மட்டும் நினைவில் இல்லை. எத்தனை முயன்றும் அந்த ஆள் வேனுக்குள்ளும் இல்லை, சத்திரத்துக்குள்ளும் இல்லை. அம்மா இப்போது இல்லாததால் கேட்கவும் வழியில்லை.

சத்திரம் என்றதும் மனம் இளகுவது நம் பழக்கம். இளகலாம், காரணம் இருக்கிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றைக்கும் பேர் சொல்லி நிற்கிறது. தஞ்சை மராட்டியர் நெடுஞ்சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். 1801-ல் இரண்டாம் சரபோஜி பிரிட்டிஷ் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில், அங்கே வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, பிள்ளைபெறும் பெண்ணுக்குப் பராமரிப்பு என்று விவரித்திருக்கிறார். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து? கிராமங்களின் வருமானத்தைச் சத்திரத்துக்கு மானியமாக எழுதிவைத்தார்கள். நிதிக்காரக் கண்ணுக்கு இது தலைகீழ் ஏற்பாடு. அங்கே நிலம் சம்பாதித்து வழிப்போக்கரைக் காப்பாற்றியது. இங்கே வழிப்போக்கர் சம்பாதித்து நிலத்தின் விலையை ஏற்றுகிறார்.

ஆனால் இளகிய மனதோடு நின்றுவிட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். எத்தனையோ சத்திரங்களில் சாதி பார்த்துத்தான் பந்தி. சில சாதியாருக்குப் படியேறவே அனுமதியில்லை. அந்தக் காலத்து வண்டியோட்டி எங்கே படுத்தார் என்று கேட்டால், மாட்டோடு என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். காசு கொடுத்தால் எவருக்கும் அறை என்ற லாட்ஜ் வந்தது ஒரு விதத்தில் விடுதலை. அதுவும் லேசில் வந்துவிடவில்லை. காசு வாங்கிச் சோறு போடும் ஓட்டலிலேயே ‘பிராமணாள்’ பலகை தொங்கியது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. தர்மம் விலக்கிய ஆளைச் சந்தை உள்ளே விட்டது, சந்தை கணக்கில் எடுக்காத ஆளை எது உள்ளே விடும் என்று நம்மவர் யோசித்துப் பார்த்தார். அந்த யோசனை எங்கும் போய்ச் சேரவில்லை.

நிதியிலிருந்து நிலத்துக்குப் போவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. பர்மாவில் வட்டிக்குக் கொடுத்த நகரத்தார் வயல்களை விரும்பி வாங்கவில்லை. 1930-களின் மந்தத்தில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாததால் அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் ஆறு சதவீதமாக இருந்த அவர்கள் நிலம், சில ஆண்டுகளுக்குள் கால் பங்கானது. உழவர் வெறுப்பும் கூடவே வந்தது. பிறகு போர், அப்புறம் நில தேசியமயம். எல்லாம் போனது. பர்மாத் தேக்கில் கட்டிய வீடுகள் சில செட்டிநாட்டில் இன்று ஓட்டல்கள். கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். காகிதத்தில் இருக்கும்வரை கடன் ஓர் எண். நிலமாகக் கைக்கு வந்ததும் அதன்மேல் நிற்கும் ஆட்களும் சேர்ந்து வருகிறார்கள்.

இதற்கிடையில் அரசாங்கம் தன் பங்குக்குப் பதில் சொல்லிவிட்டது. 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களும் விடுதிகளும் டிரைவர்கள் படுக்க இடமும் கழிப்பறை, குளியலறையும் ஒதுக்க வேண்டும் என்றது. பழைய கட்டடத்தை மாற்றிக் கட்டும்போது இது எப்படிப் பொருந்தும் என்று வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட்டாளிகளுக்கு இது போதும். “எதுக்கு வம்பு, ஹால் அப்படியே இருக்கட்டும்” என்று எக்செல்லில் டீலக்ஸ் அறைகளுக்கான வரிசையையே அழித்துவிட்டார்கள்.

அவருக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. விதி இல்லாதிருந்தால் தாம் என்ன செய்திருப்போம் என்பது தெரியாமலே போய்விட்டதே என்று ஒரு குறை. இன்னொன்று, ஹால் இருந்தது. அந்த டிசம்பர் இரவிலும் இருந்தது. ஆறு பேர் படுத்திருந்தார்கள், ஏழாமவர் காரில். விதியின்படி எல்லாம் சரியாக இருக்கும்போதே கண்ணாடியில் துண்டு இருக்க முடியும்.

எத்தனை டிரைவர்கள் வருகிறார்கள் என்று மேலாளரைக் கேட்டார். பதிவேடு இல்லை. விருந்தாளி கையெழுத்துப் போடுகிறார், ஆதார் நகல் தருகிறார். டிரைவர் எதுவும் தருவதில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஆக வண்டிக்கு எண்ணிக்கை இருக்கிறது, அறைக்கு இருக்கிறது. ஓட்டிவந்து ராத்தங்குபவருக்கு இல்லை. எண்களாலேயே பிழைத்தவருக்கு ஓர் எண் கிடைக்காமல் போவது தனி எரிச்சல்.

முன்பணம் கொடுக்கும் தேதி நெருங்குகிறது. கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றுதான் தோன்றுகிறது. மாதம் ஒரு முறை அறிக்கை படித்தால் போதுமா, அவ்வப்போது போய்த் தங்க வேண்டுமா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அந்த ஹாலுக்கு எத்தனை கட்டில் போடப்போகிறீர்கள் என்று கேட்டால் ஆறு என்கிறார். கொஞ்சம் யோசித்துப் பன்னிரண்டு என்கிறார். பன்னிரண்டு போட்டால் கதவைத் திறக்க முடியாது என்று அவரே சொல்லிவிட்டு, அடுக்குக் கட்டில் விலை என்ன என்று விசாரிக்கிறார்.