மாடு மேய்த்த பையனின் வேடம்

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், விஜயரங்க சொக்கநாத நாயக்கர் குடும்பத்தோடு கைகூப்பி நிற்கிறார். ஆளுயரச் சிலைகள். பெருமாள் சேவைக்குப் போகிற அவசரத்தில் யாரும் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. குழந்தை ஏதாவது நின்று "இது யாரு?" என்று கேட்டால், "ராஜாடா, வா" என்று பதில் வரும். அந்த ராஜா பட்டத்துக்கு வந்தபோது மூன்று மாதக் கைக்குழந்தை என்று சொல்லிப் பாருங்கள். கேட்ட பிள்ளை அந்த இடத்தை விட்டு அவ்வளவு சுலபமாக நகராது.

அது 1689. திருச்சிதான் அப்போது மதுரை நாயக்கர்களின் தலைநகரம். அரசர் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் இளவயதிலேயே அம்மை கண்டு இறந்துபோனார். கர்ப்பிணியாக இருந்த மனைவி பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுத் தானும் உயிரை விட்டாள். குழந்தைக்குப் பட்டம் கட்டிவிட்டு ஆட்சியைப் பாட்டி ராணி மங்கம்மாள் எடுத்துக்கொண்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் கையில்தான் ராஜ்யம் இருந்தது. சாலை போட்டார், மரம் வைத்தார், சத்திரம் கட்டினார். மைசூர் அரசர் காவிரியை மறித்தபோது, பகையாளியான தஞ்சாவூருடன் சமாதானமாகி அணையை உடைக்கப் படை திரட்டினார். அதற்குள் மழைவெள்ளமே வந்து அணையை அடித்துக்கொண்டு போய்விட்டது. காவிரித் தகராறு இவ்வளவு லேசாகத் தீர்ந்தது அதற்கு முன்போ பின்போ கிடையாது.

பேரன் வளர்ந்தான். அதிகாரத்தை விட மனமில்லாத பாட்டியைச் சிறையில் அடைத்து, வாசனை எட்டும் தூரத்தில், கை எட்டாத தூரத்தில் சோற்றை வைத்துப் பட்டினி போட்டே கொன்றார்கள் என்று ஒரு கதை உண்டு. உறுதியான சான்று இல்லாத கதை. ஆனாலும் முந்நூறு ஆண்டுகளாக ஜனங்கள் அதை விடவில்லை. பிறகு 1732 வரை விஜயரங்கர் ஆண்டார். கோயில்களுக்கு அள்ளிக் கொடுத்தார், தீர்த்த யாத்திரை போனார். பக்தியில் பெரியவர், ஆட்சியில் வலுவில்லாதவர் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவருக்குப் பின் ராணி மீனாட்சி. சந்தா சாகிப்பை நம்பி ஏமாந்து, இதே ஊரில் நஞ்சு குடித்து இறந்தாள். நாயக்கர் வம்சம் அதோடு முடிந்தது.

பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து 'நீதான் ராஜா' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. பாட்டியைத் தவிர அவனை எதிர்த்து ஒரு கேள்வி கேட்கக்கூடிய ஆள் அந்த அரண்மனையில் யார் இருந்திருக்க முடியும்? மலைக்கோட்டை அடிவாரத்தில் அந்த அரண்மனையின் தர்பார் மண்டபம்தான் இன்று அரசு அருங்காட்சியகம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய், கற்சிலைகளையும் நாணயங்களையும் பார்த்துவிட்டு, வரிசையாக வெளியே வருகிறார்கள். ஒரு குழந்தையை அரசனாக்கினால் என்ன ஆகும் என்று நிஜமாகவே பரிசோதித்துப் பார்த்த கூடம் அது என்று அவர்களிடம் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

இப்போது அரியணை எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது, இரண்டு பக்கத்துக்கு. ஜூலை 15 காமராசர் பிறந்தநாளைத் தமிழகப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன. பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டி, கட்டுரைப் போட்டி எல்லாம் உண்டு. 'நான் முதலமைச்சரானால்' என்ற தலைப்புக்கு வயதே ஆவதில்லை. அப்படி ஒரு போட்டியின் தாள்களைத் திருத்த ஒருமுறை என்னையும் உட்கார வைத்தார்கள். முன்னுரை, கல்வி, மருத்துவம், விவசாயம், ஊழல் ஒழிப்பு, முடிவுரை. எல்லாத் தாளிலும் எல்லாம் இலவசம். லஞ்சம் வாங்குகிறவர்களுக்குத் தூக்கு. ஒரு பையன் மட்டும் இரக்கப்பட்டு ஆயுள் தண்டனையோடு விட்டிருந்தான். கொடுப்பது, ஆணையிடுவது, தண்டிப்பது என்று மூன்றே வேலைகள். நிதி எங்கிருந்து வரும் என்ற கவலை எவருக்கும் இல்லை. அதற்காகப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. தேர்தல் அறிக்கைகளைப் படித்த பழக்கம் அப்படி.

ஒரே ஒரு பெண், தான் முதலமைச்சரானால் பள்ளிக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் போட்டுத் தருவதாக எழுதியிருந்தாள். இரண்டு கழிவறைகள் இருக்கின்றன, ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று விவரமும் கொடுத்திருந்தாள். ஒரு தாழ்ப்பாளுக்காக முதலமைச்சராக வேண்டியிருக்கிறது என்று அந்தச் சிறுமி நினைத்ததில் தப்பில்லை, நாட்டு நடப்பு தெரிந்திருக்கிறது. உட்தலைப்புகள் இல்லாததால் மதிப்பெண் குறைந்துபோனது. பரிசுக்கு வந்த தாளில் வண்ணப் பேனாவால் அடிக்கோடுகள் இருந்தன.

அதிகாரம் என்பது பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பது கட்டுரையில் இல்லை. ஆசிரியர் வெளியே போகும்போது கிளாஸ் லீடர் கையில் ஒரு சாக்பீஸ் வருகிறது. 'பேசியவர்கள்' என்று கரும்பலகையில் தலைப்பு, கீழே பெயர்கள். திரும்பவும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் 'மிக' சேரும். அப்புறம் 'மிக மிக'. லீடரின் நண்பன் பேசினால் பெயர் வராது, வந்தாலும் டஸ்டருக்கு இரையாகும். பட்டியலில் ஏற்றுவது எப்படி, இறக்குவது எப்படி, அதற்கு என்ன மிட்டாய் விலை என்பதெல்லாம் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் படிந்துவிடுகிறது. குடிமையியல் பாடம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

காமராசரையே எடுத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர், ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தவர், ஊர் ஊராகப் பள்ளி திறந்தவர், மதிய உணவு போட்டவர். மேடையில் பிள்ளைகள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. காரில் போகும்போது மாடு மேய்க்கும் பையனைப் பார்த்து, "ஏன் பள்ளிக்கூடம் போகலே?" என்று கேட்கிறார். "போனா சோறு யார் போடுவா?" என்று அவன் திருப்பிக் கேட்கிறான். மதிய உணவுத் திட்டம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது என்று கதை முடியும், கைதட்டு கிடைக்கும். பின்னால் எம்.ஜி.ஆர். அதையே பெரிதாக்கிச் சத்துணவுத் திட்டமாக 1982 ஜூலை 1 அன்று தொடங்கிவைத்தது திருச்சிக்குப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில்தான்.

மாறுவேடப் போட்டியில் எத்தனையோ காமராசர்கள் வருகிறார்கள். நீளமான கதர்ச் சட்டை, தோளில் துண்டு, முழங்கால் தெரியாமல் கட்டிய வேட்டி. ரோஜாப்பூ குத்திய நேருக்கள், கண்ணாடி இல்லாத கண்ணாடி போட்ட காந்திகள், அட்டை வாளோடு வேலு நாச்சியார்கள். மலைக்கோட்டைப் பக்கம் என்.எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் அலைந்து துணி எடுத்து வருகிற அம்மாக்களில், அந்த மூன்று எழுத்துக்குள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஒளிந்திருக்கிறார் என்று எத்தனை பேருக்கு நினைவு வரும்? போகட்டும். மாடு மேய்த்த பையனாக ஒரு பிள்ளைகூட வேடம் கட்டி வந்து நான் பார்த்ததில்லை. செலவே இல்லாத வேடம்: ஓர் அரை டவுசர், ஒரு குச்சி. வசனமும் ஒரே வரி. முதலமைச்சரின் காரை நிறுத்தவைத்த வரி அது. ஆனால் அவனுக்குப் பெயர் கிடையாது, படம் கிடையாது, பிறந்தநாள் கிடையாது.

காமராசர் வாழ்க்கையிலும் போட்டிக்கு ஏறாத பக்கங்கள் இருக்கின்றன. கட்சி வேலைக்காக 1963 அக்டோபரில் அவரே முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். 'நான் முதலமைச்சரானால் ராஜினாமா செய்வேன்' என்று எழுதிய தாள் எதுவும் என் கைக்கு வரவில்லை. 1967இல் சொந்த ஊரான விருதுநகரில், மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். தலைவர் தோற்பார், தோற்றபின்னும் தலைவராக இருப்பார் என்பதைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பிறந்தநாள் மேடையில் தோல்வியைப் பேசுவது அபசகுனம் என்று விட்டுவிடுகிறோம் போலிருக்கிறது.

ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு முதலமைச்சர் ரொம்பத் தூரத்து ஆள் இல்லை. 2011இலிருந்து 2014 வரை அது முதல்வர் தொகுதி. ஜெயலலிதா அங்கே ஜெயித்த அந்தக் கோடையில்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தலைவர்களைப் பற்றி மறக்க முடியாத ஒரு பாடம் படித்தார்கள். முந்தைய ஆட்சி கொண்டுவந்த சமச்சீர்க் கல்வியைப் புது அரசு நிறுத்திவைத்தது. அச்சடித்த புத்தகங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பள்ளி திறந்தும் பாடப்புத்தகம் இல்லை. உயர் நீதிமன்றம் ஜூலையில் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிப் பத்து நாள் கெடு கொடுத்தது. புத்தகம் வந்தது. கருணாநிதி எழுதியவை, அவரைப் பற்றியவை இருந்த இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டும் மையால் மறைக்கப்பட்டும் வந்தது.

ஒட்டியிருப்பதைப் பிரிக்காமல் விடுகிற குழந்தை உலகத்தில் எங்கும் இல்லை. எச்சில் தொட்டு, நகத்தால் ஓரம் கிளப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அந்தப் பக்கங்களைப் படித்தார்கள். ஒட்டாமல் விட்டிருந்தால் திருப்பிவிட்டுப் போயிருப்பார்கள். முன்னாள் முதல்வருக்கு அந்த வருஷம் கிடைத்த அளவு கவனமான வாசகர்கள் வேறு எந்தப் பாடநூல் எழுத்தாளருக்கும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் நடந்தது. 2021இல் ஆட்சி மாறியபோது ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி படம் போட்ட புத்தகப் பைகள் லட்சக்கணக்கில் கையிருப்பில் இருந்தன. படத்தை மாற்ற வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று முதல்வர் ஸ்டாலின் சொல்லிவிட்டதாகவும் 13 கோடி ரூபாய் மிச்சம் என்றும் திருச்சிக்காரரான கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி சொன்னார். நல்ல காரியம், சந்தேகமில்லை. முந்தைய முதல்வர் படத்தை அழிக்காமல் விட்டதே செய்தியாகிறது என்றால் நாம் எந்த அளவுக்குப் பழகியிருக்கிறோம் என்பதும் அதிலேயே இருக்கிறது. புத்தகப் பையில் முதலமைச்சர் முகம் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு ஆட்சியிலும் நேரம் வரவில்லை.

அரசுப் பள்ளிகளில் 2024இல் 'மகிழ் முற்றம்' என்று குழுக்கள் அமைத்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பெயர், தலைவர்கள், பொறுப்புகள். தனியார் பள்ளிகளில் தேர்தலே நடக்கிறது. செல்போன் செயலியை வாக்குப்பதிவு எந்திரமாக்கி, விரலில் மை வைத்து, நோட்டாகூட உண்டு. ஜெயித்த பிள்ளைக்குப் பட்டை அணிவித்து உறுதிமொழி வாங்குகிறார்கள். பிறகு என்ன வேலை? காலை வணக்கத்தில் கட்டளை சொல்வது, விருந்தினருக்குப் பொன்னாடை எடுத்துக் கொடுப்பது, மைதானத்தில் வரிசையைச் சரி செய்வது. ஓட்டுப் போட்ட பிள்ளைகள் அவனிடம் கணக்குக் கேட்க ஒரு பீரியட் ஒதுக்கிய பள்ளி இருந்தால் போய்ப் பார்க்க ஆசை.

கேட்கிற பிள்ளை இல்லாமலும் இல்லை. 2012இல் லக்னோவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, காந்திக்குத் 'தேசத் தந்தை' பட்டம் கொடுத்த அரசாணையின் நகல் வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். பிரதமர் அலுவலகம் உள்துறைக்குத் தள்ளியது, உள்துறை தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தள்ளியது, அப்படி ஓர் ஆவணம் தங்களிடம் இல்லை என்று காப்பகம் பதில் எழுதியது. ஓட்டுப் போட 18 வயது, சட்டமன்றத்துக்கு நிற்க 25, குடியரசுத் தலைவராக 35. கேள்வி கேட்க அந்தச் சட்டம் வயது வரம்பு வைக்கவில்லை.

பாடத்திட்டத்திலும் மனு எழுதச் சொல்லித்தருகிறார்கள், இல்லை என்று சொன்னால் பொய். பத்தாம் வகுப்புத் தமிழில் புகார்க் கடிதம் பிரசித்தம்: உணவு விடுதியில் தரமில்லாத சாப்பாட்டுக்குக் கூடுதல் விலை வாங்கிவிட்டார்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுத வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்கும் எழுதலாம். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி எல்லாம் பிசகாமல் வர வேண்டும். தேர்வுத்தாளில் சொந்தப் பெயர் எழுதக்கூடாது என்பதால் அனுப்புநர் இடத்தில் 'அ அ அ அ' என்று போடுவார்கள். தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் புகார் எழுதிய ஆள் அந்த அ அ அ அ தான். இதுவரை ஒரு பதிலும் வந்ததில்லை.

திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்துவிடுவார்களோ என்று வாசலில் போலீசார் பையைத் திறந்து பார்க்கிற காலம் இது. அந்த வரிசையில் யூனிஃபார்மோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒரு பாட்டிக்கும் அம்மாவுக்கும் நடுவே அப்படி ஒரு பெண் நின்றிருந்தாள்; பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருக்கிறது. "ஸ்கூல் நேரத்துல புள்ளைய எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க?" என்று பின்னால் நின்ற பெரியவர் கேட்டார். "நான் சொல்லச் சொல்ல அதுதாங்க எழுதுச்சு. கேள்வி கேட்டா அதுதான் பதில் சொல்லும்" என்றாள் அம்மா. கோடு போட்ட நோட்டுத் தாள், இடப்பக்கம் மார்ஜின், பொருள் என்பதற்கு அடியில் கோடு. எந்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை, பாங்கில் யாரைப் பார்த்தார்கள், அவர் என்ன சொல்லி அனுப்பினார் என்று வரிசையாக எழுதியிருந்தாள். அனுப்புநர் இடத்தில் பாட்டியின் முழுப்பெயர், கதவு எண், தெரு, செல்போன் நம்பர்.