படக்கதையும் நூல்நிலையத்தின் வாசலும்

பொது நூல்நிலையம் யாருடையது என்று கேட்டால், மக்களுடையது என்று விடை சொல்ல எவரும் தயங்கமாட்டார். அந்த மக்களுள் ஒருவனாகிய பன்னிரண்டு வயதுச் சிறுவன் உள்ளே வந்து படக்கதைப் புத்தகம் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "அதெல்லாம் இங்கே இல்லைத் தம்பி, நல்ல புத்தகமாய்ப் பார்த்து எடும்" என்று பதில் கிடைக்கிறது. சொன்னவரைக் கடிந்துகொள்ள முடியாது. அவர் சிறுவனுடைய நன்மையைத்தான் எண்ணினார். சிக்கல் இருப்பதே அங்கேதான். ஒருவனுடைய நன்மையை அவனுக்காக இன்னொருவர் தீர்மானிக்கும் உரிமை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

ஆசிரியத் தொழில் அந்த உரிமையின்றி நடவாது. பாடத்திட்டம் என்பதே அத்தகைய ஒரு தீர்மானந்தான். ஆனால் நூல்நிலையம் வகுப்பறையன்று. வகுப்பறையில் மாணவன் நமது தெரிவுக்குக் கட்டுப்பட்டவன். நூல்நிலையத்திலோ அவன் குடிமகன். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தபோது, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். நூலுக்குத் தகுதியான வாசகனைப் பொறுக்கி எடுக்கும்படி அவ்விதிகள் கூறவில்லை.

இந்த விடயத்தில் நம்மவரின், அதாவது முற்போக்காளரின், கடந்தகாலம் அத்துணை மெச்சத்தக்கதன்று. படக்கதைகள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று 1954இல் நூலெழுதி அமெரிக்காவைக் கலக்கிய மனநோய் மருத்துவர் பிரெட்ரிக் வேர்த்தம் ஒரு பிற்போக்குவாதியல்லர். ஹார்லெமில் வறிய கறுப்பின மக்களுக்காக 1946இல் மருத்துவமனை திறந்தவர் அவர்; அதற்குக் கார்ல் மார்க்ஸின் மருமகன் பால் லபார்க்கின் பெயரைச் சூட்டியவர். பாடசாலைகளில் நிறப்பிரிவினை பிள்ளைகளின் மனத்தைச் சிதைக்கிறது என்பதற்கு நீதிமன்றத்தில் சான்று தந்தவரும் அவரே. பிரிட்டனில் ஆசிரியர் சங்கத்தாரும் கம்யூனிஸ்டுகளும் அமெரிக்கத் 'திகில்' படக்கதைகளுக்கெதிராகக் குரல் கொடுத்ததன் விளைவாக 1955இல் தடைச்சட்டம் வந்தது. பிரான்சில் அதற்கும் முன்னதாக, கத்தோலிக்கரும் கம்யூனிஸ்டுகளும் ஒருமித்துக் கண்டித்த சூழலில், 1949ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. நாத்திகரும் பாதிரிமாரும் ஒத்துப்போன விடயங்கள் உலகில் அதிகமில்லை. அவற்றுள் சிறுவரின் பொழுதுபோக்கு ஒன்று!

வேர்த்தத்தின் ஆவணங்கள் பிற்காலத்தில் ஆய்வாளருக்குத் திறந்துவிடப்பட்டன. கரோல் டில்லி என்னும் நூலகவியல் பேராசிரியை அவற்றைப் பரிசீலித்து, பிள்ளைகளின் வாக்குமூலங்களை அவர் தமது வாதத்துக்கு ஏற்றவாறு திரித்தும் இணைத்தும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்ததை 2012இல் வெளிப்படுத்தினார். நல்ல நோக்கமுடைய மனிதர், பிள்ளைகளைக் காப்பதற்காகப் பிள்ளைகளின் சொல்லையே மாற்றினார். பிறருடைய நன்மையைத் தாமே முழுதும் அறிவதாக நம்புகிறவர், அவர்கள் பேசுவதைக் கேட்கும் பொறுமையை இழந்துவிடுகிறார்.

ஆயினும் அன்றைய கண்டனம் முழுவதும் பொய்யென்று தள்ளிவிடுவதற்கில்லை. தமிழிலும் நெடுங்காலம் உலாவிய வேதாள மாயாத்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பரை பரம்பரையாக மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் வீற்றிருக்கும் வெள்ளையன். அவன் நீதி வழங்க, கானகத்துக் கறுப்பு மக்கள் பணிந்து நிற்கிறார்கள். குடியேற்றவாதத்தின் கனவு அது. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கிப்ளிங்கின் கதைகளிலும் அந்த வெள்ளையன் இருக்கிறான். அதற்காக நாவலையும் சிறுகதையையும் நூல்நிலையத்தினின்று எவரும் விரட்டவில்லை. வார்த்தையால் எழுதப்பட்டதில் நல்லதையும் தீயதையும் பிரித்தறிகிறோம். படத்தால் எழுதப்பட்டதென்றால் இனம் முழுவதையும் ஒதுக்குகிறோம். ஓர் இனம் முழுவதையும் ஒதுக்கிவைப்பதற்கு நம் சமூகத்தில் வேறு பெயர் உண்டு.

இன்பங்களுள் உயர்வு தாழ்வு உண்டு என்று வாதித்த ஜோன் ஸ்டுவர்ட் மில்கூட ஒரு நிபந்தனை விதித்தார்: இரண்டையும் நுகர்ந்து அறிந்தவரே தீர்ப்புச் சொல்லத் தகுந்தவர். படக்கதையை இழிவென்று கூறும் நம் ஆசிரிய நண்பர்களுள் இந்தத் தேர்வில் எத்தனை பேர் தேறுவர்? 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைச் சிறுவயதில் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் பலர் இருக்கலாம். அதற்கப்பால் அந்தக் கலை எங்கே போயிற்று என்று திரும்பிப் பார்த்தவர் மிகச் சிலரே.

2011இல் டில்லியிலுள்ள நவயானா பதிப்பகம் வெளியிட்ட 'பீமாயணம்' அம்பேத்கரின் வாழ்க்கையில் தீண்டாமை தந்த அனுபவங்களைச் சொல்வது, தமிழிலும் வந்திருக்கிறது. படம் வரைந்த துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டுப் பழங்குடிக் கலைஞர்கள். படக்கதைக்கே உரிய கட்டங்களைப் போட அவர்கள் மறுத்துவிட்டார்கள்; பாத்திரங்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சுமுட்டும் என்பது அவர்கள் எண்ணம். கனிவாகப் பேசுவோரின் சொற்கள் பறவை வடிவத்துள் அமைகின்றன. சாதி நஞ்சைக் கக்குவோரின் சொற்களுக்குத் தேளின் கொடுக்கு முளைத்திருக்கிறது. பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் தாகத்தை உரைநடை சொல்லும். சொல்லின் கொடுக்கைக் கண்ணுக்குக் காட்ட உரைநடையால் இயலுமா? என்னால் இயலாது.

படக்கதையை ஆதரிப்போரிடத்தும் ஒரு குறை காண்கிறேன். "முதலில் இதைப் படிக்கட்டும், பின்பு நல்ல நூல்களுக்கு ஏறிவிடுவார்கள்" என்கிறார்கள். இது தூண்டிலில் புழுக் குத்துகிறவரின் வாதம். படக்கதைக்கு வாசலைத் திறந்துவிட்டு, திண்ணைக்கு மேல் வராதே என்கிறது. மர்ஜானே சத்ரபி ஈரானியப் புரட்சியின் நடுவே தாம் வளர்ந்த கதையைக் கறுப்பு வெள்ளைச் சித்திரங்களில் சொன்னாரே, அதிலிருந்து எந்தப் படிக்கு ஏறுவது?

அறுபதுகளின் முற்பகுதியில் இந்நாட்டில் நடந்த மரபுப் போராட்டத்தை வாசகர்களுக்கு நினைவூட்டவேண்டியதில்லை. டானியலும் டொமினிக் ஜீவாவும் தம் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளில் எழுதியபோது, இழிசனர் வழக்கு இலக்கியமாகுமா என்று பண்டிதர்கள் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தின் வாரிசுகள் என்று மார்தட்டும் நாம், சித்திரத்தை நோக்கி அதே கேள்வியைக் கேட்பது விந்தை. 'சிரித்திரன்' சுந்தரின் சவாரித் தம்பர் இதே மண்ணில் சித்திரமாகப் பிறந்து மக்களோடு பேசியவர்.

1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஆறு வயதுச் சிறுவனாயிருந்த கெய்ஜி நகசாவா, தந்தையையும் உடன்பிறந்தோரையும் அதில் இழந்தவர். 1973 முதல் தம் அனுபவத்தை 'வெறுங்கால் ஜென்' என்னும் படக்கதையாக வரைந்தார். 2012 டிசம்பரில், அவர் இறந்த அதே மாதத்தில், மட்சுவே நகரக் கல்வி அதிகாரிகள் பாடசாலை நூலகங்களில் அந்நூலைப் பிள்ளைகள் கைக்கெட்டாமல் உள்ளே வைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். சில காட்சிகள் கொடூரமானவையாம். செய்தி வெளியானதும் எதிர்ப்பு மூண்டது. 2013 ஆகஸ்டில் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. 'பிள்ளைகளின் நன்மை' என்ற சொல் போர்க்குற்றத்தை மறைக்கும் திரையாகவும் பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நமக்கும் இது தூரத்துக் கதையன்று. வன்னியில் ஐக்கிய நாடுகள் பணியாளராயிருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலொக் வரைந்த 'வன்னி' என்ற ஆங்கிலப் படக்கதை 2019இல் வெளிவந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரை மணலில் முடிந்த குடும்பங்களின் வாக்குமூலங்களே அதன் அடிப்படை. அதைப் படிக்கவேண்டிய பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்?

விலை கொடுத்து வாங்கலாம் என்பவர்கள் உண்டு. வெள்ளவத்தையில் வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளுக்கு அது இயலும். அங்கே ஆங்கிலப் படக்கதைகள் வரவேற்பறையில் கிடக்கின்றன, அவற்றால் பிள்ளைகள் கெட்டுப்போவதாக யாரும் அஞ்சுவதில்லை. கொட்டாஞ்சேனைத் தோட்டங்களின் ஒற்றை அறை வீடுகளில் நிலைமை வேறு. கடதாசி இல்லாமையால் 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அந்த நெருக்கடிக்குப் பின் புத்தக விலை கேட்டுத் திரும்பாத தொழிலாளி இல்லை. ஆகவே நூல்நிலையம் படக்கதையை மறுக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் மறுக்கவில்லை. வறிய பிள்ளைக்கு மட்டுமே மறுக்கிறது.

நாம் நூல்நிலையத்தைக் கோயிலாக்கிவிட்டதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1981 ஜூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தபின், தமிழனுக்கு நூலகம் வெறும் கட்டடமாக இருக்கமுடியாது. ஆனால் கோயிலென்றால் வாசலில் நிறுத்தப்படுவோரும் உண்டென்பதை 1968இல் மாவிட்டபுரத்தில் கண்டோம்.

எல்லாவற்றையும் வாங்குங்கள் என்று நான் கேட்கவில்லை. மாநகர சபையின் பணம் மக்கள் வரிப்பணம். நாவலைத் தெரிவதுபோலப் படக்கதையையும் தெரிந்தே வாங்கவேண்டும். பூங்காவை அடுத்துள்ள பெரிய நூலகத்துக்கு மட்டுமன்றி, பேருந்துக் கட்டணமின்றி நடந்து போகக்கூடிய கிளை நூலகங்களுக்கும் வாங்கவேண்டும். தாள் மெலிது, விரைவில் கிழியும் என்று நூலகர்கள் சொல்வார்கள். உண்மைதான், கட்டுவதற்கென்று ஒரு தொகையைச் சேர்த்தே ஒதுக்கவேண்டும். தெரிவுப் பட்டியல் எழுதும் மேசையில் படிக்கின்ற பிள்ளைகள் இருவரையாவது அமர்த்துவது நன்று. எது கதை, எது வெறும் அச்சு வியாபாரம் என்று அவர்கள் நம்மைவிட விரைவாகச் சொல்லிவிடுவார்கள்.