நாலாவது மாடி வானம்

2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை மாலை. கிள்ளானில் எங்கள் பிளாட்டின் நாலாவது மாடி நடைபாதையில் நின்று வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். ஈயக் கறுப்பில் ஒரே மேகம். துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, “மானத்தையா புடிக்கிற? காடிய மேட்டுல ஏத்துடா மொதல்ல” என்றார். நான் இன்னும் இரண்டு படம் எடுத்தேன், முகநூலில் போட்டேன். மறுநாள் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தார்கள். படத்துக்கு லைக் விழுந்துகொண்டே இருந்தது.

புயல் வானத்தை ரசிப்பது தப்பா?

தொல்காப்பியம் அச்சத்தையும் மருட்கையையும் இரண்டு தனி மெய்ப்பாடுகளாக வைத்தது. 1757இல் எட்மண்ட் பர்க் இரண்டையும் ஒரே அறையில் பூட்டினார்: பயங்கரம் சற்றுத் தள்ளி நின்றால் அதுவே பரவசம். 1790இல் காண்ட்டும் அதே நிபந்தனையைப் போட்டார். இடி மின்னல் நம்மை ஈர்க்க வேண்டுமென்றால் நாம் பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும். அதாவது நாலாவது மாடியில். (இதற்கு நாம் வைத்திருக்கும் ‘உன்னதம்’ என்ற சொல்லில் பயமே இல்லை. ‘அணங்கு’ பரவாயில்லை.)

ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1970இல் ஒரு கடல் காட்சி வரைந்தார். கீழே சாம்பல் நிறக் கடல், மேலே குமுறும் மேகம். உற்றுப் பார்த்தால் மேலே இருப்பது மேகமே இல்லை. தலைகீழாகத் திருப்பிய இன்னொரு கடல். இரண்டு கடல் புகைப்படங்களை ஒட்டவைத்து, அதைப் பார்த்து வரைந்திருக்கிறார். விஷயம் தெரிந்த பிறகும் எனக்கு வயிற்றில் அந்தக் குளிர் வருகிறது. இல்லாத புயலுக்கு வருகிற குளிர். அப்படியானால் உன்னதம் வானத்தில் இல்லை, அதை நாம்தான் கொண்டுபோய் அங்கே வைக்கிறோம். காண்ட் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

ஆனால் ரிக்டரின் வானத்துக்குக் கீழே யாரும் குடியிருக்கவில்லை. என் படத்துக்குக் கீழே ஸ்ரீ மூடா இருந்தது. இந்த வித்தியாசத்தை எந்தத் தத்துவத்தாலும் என்னால் தாண்ட முடியவில்லை.

ஒரு வருஷம் கழித்து அக்காவின் தம்பி வந்திருந்தார். ஸ்ரீ மூடாக்காரர். இடுப்பளவு தண்ணீரில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர். அக்காதான் போட்டுக்கொடுத்தார்: “இவன் அன்னிக்கு மானத்தப் படம் புடிச்சிட்டு இருந்தான்லா.” எனக்குக் காது சுட்டது. அவர் கைப்பேசியை வாங்கி, விரலால் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதுவா? எங்களுக்கு அன்னிக்கு மேல பாக்கவே நேரமில்ல தம்பி. எனக்கு அனுப்பி விடு.”