சுவை தேடிப் போனவரின் புத்தகம்

பீர் குடிக்க ஊர் ஊராகப் போனதே ஒருவருக்குப் பிழைப்பாயிற்று என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள். இங்கிலாந்துப் பத்திரிகையாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, வேறு ஆள்) அப்படித்தான் பெயர் எடுத்தார். 1976-இல் அந்நாட்டு மதுக்கூடங்களைப் பற்றி ஒரு நூல். மறு வருஷமே உலக பீர் வகைகளைப் பற்றிப் பெரிய நூல். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதிவிட்டு நகரவில்லை அவர். என்ன தானியம், எப்படிப் புளிக்கவைக்கிறார்கள், எந்த ஊர் வழக்கம் என்று வகை பிரித்தார்.

ரெட்டியார்சத்திரம் போன்ற ஊரிலிருந்து இப்படி எழுத ஆசைப்படுகிறவர் பீரைத் தேடிப் பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. விடிகாலையில் பக்கத்துப் பனங்காட்டில் போய் நில்லுங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்குத்தான் இங்கே தடை. பனையேறியிடம் பேசுவதற்கு இல்லையே! எவ்வளவு சுண்ணாம்பு, எந்த மாதம் இனிப்பு கூடும், பாளையை ஒரு நாளில் எத்தனை தடவை சீவுவார் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, அங்கேயே நோட்டில் எழுதுங்கள். ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி போய்விடும். பதிப்பகம், அட்டைப்படக் கவலையெல்லாம் நோட்டு நிரம்பிய பிறகு.