அணைக்கு வெளியே வாழ்வோர்

பெருநகரொன்றை வெள்ளத்திலிருந்து காப்பது எங்ஙனம் என்பது பொறியியலாளருக்கு மட்டுமே உரிய வினா என்று பலரும் கருதுகின்றனர். மழையின் அளவு, ஆற்றின் மட்டம், கால்வாயின் அகலம், நீரிறைக்கும் இயந்திரத்தின் வலு ஆகியவற்றைக் கணித்துவிட்டால் விடை கிடைத்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆனால், பெய்த நீர் எங்கேனும் நின்றேயாக வேண்டும். அஃது எவர் முற்றத்தில் நிற்பது என்று தீர்மானிக்கும்போது அறத்தைப் பற்றிய வினா எழுந்துவிடுகின்றது. கொழும்பு மாநகரின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

மத்திய மலைநாட்டு மழையைச் சுமந்துவரும் களனி கங்கை கொழும்பின் வடக்கே கடலிற் கலக்கின்றது. பிரித்தானியர் ஆட்சியில் நகரைக் காக்கும் பொருட்டு வெள்ளத் தடுப்பணைகள் எழுப்பப்பட்டன. அணைக்கு உள்ளே வணிக நிலையங்களும் செல்வர் மாளிகைகளும் வளர்ந்தன. அணைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்திலோ உழைத்துண்ணும் மக்கள் குடியேறினர். அவர்தம் உழைப்பு நகருக்கு வேண்டியிருந்தது. அணைக்குள் ஒரு துண்டு நிலம் வாங்கும் வலு அவர்களுக்கு இருக்கவில்லை. அணையால் ஒடுக்கப்பட்ட ஆறு பரந்து செல்ல வழியின்றி உயரும்பொழுது அவர்களின் வீடுகளையே முதலில் மூடுகின்றது. அதே வேளையில், ஆற்றுநீர் உட்புகாதிருக்க நகரக் கால்வாய்களின் கதவுகள் அடைக்கப்படுகின்றன. உள்ளே பெய்யும் மழைக்குச் சதுப்பு நிலங்களே புகலிடம். அவையும் தூர்க்கப்பட்டுவிட்டால் நீர் தாழ்ந்த குடியிருப்புகளை நாடும்.

நாகலகம் வீதியிலுள்ள அளவுகோலில் ஆற்றின் மட்டம் 1947 இல் 12 அடியைக் கடந்தது; 1989 இல் 9 அடியைக் கடந்தது. 2016 மே மாதத்தில் அது 8 அடியையும் எட்டவில்லை. ஆயினும் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் பல்லாயிரவர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. இதற்கு ஆற்றை மட்டும் நோவதில் பயனில்லை. நீருக்கெனக் கிடந்த நிலம் சுருங்கியது. நீரின் பாதையில் வாழ நிர்ப்பந்திக்கப்பட்டோர் தொகை பெருகியது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் களனி பெருகியது. மீண்டும் அதே தாழ்நில மக்களே மூட்டைமுடிச்சுகளுடன் வெளியேறினர்.

1968 இல் கொழும்பு மாவட்டத்துத் தாழ்நிலங்களை 'மீட்பதற்கென' ஒரு சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. தமிழ் கற்றவர்க்கு அச்சொல் உறுத்தவே செய்யும். பிறர் கவர்ந்ததைத் திரும்பப் பெறுதலன்றோ மீட்டல்? சதுப்பு நிலத்தை எவர் கவர்ந்திருந்தார்? அங்கே நீர் மட்டுமே இருந்தது. இன்று அச்சபையின் வழிவந்த நிறுவனமே எஞ்சிய சதுப்பு நிலங்களைப் பேணும் பணியிலும் ஈடுபட்டுள்ளது என்பதையும் கூறுதல் நியாயம். 2018 இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாகவும் ஏற்கப்பட்டது.

கால்வாய்க் கரையிற் குடிசை கட்டியோரை 'அத்துமீறியோர்' என்று அழைப்பது நம் நாட்டு வழக்கம். தியவன்னா ஓயாவின் சதுப்பு நிலத்தைத் திருத்தி எழுப்பப்பட்ட பாராளுமன்றம் 1982 இல் திறக்கப்பட்டது. அதனை எவரும் அத்துமீறல் எனவில்லை. 2010 நவம்பரில் வெள்ளம் அந்த வளவையும் சூழ்ந்தது. நீர் பட்டம் பதவி பார்ப்பதில்லை எனச் சிலர் அப்பொழுது நகைத்தனர். அந்நகைப்பில் எனக்கு உடன்பாடில்லை. உறுப்பினர்கள் சில நாட்களில் தம் ஆசனங்களுக்குத் திரும்பினர். கூலித் தொழிலாளியின் தையல் இயந்திரமும் பிள்ளைகளின் பாடநூல்களும் அவ்வாறு திரும்பி வருவதில்லை.

பலர் காக்கப்படச் சிலர் நனைவது தவிர்க்கவொண்ணாதது என்பர். அணையை இடிக்க வேண்டும் என்று நானும் வாதிடவில்லை. இடித்தால் துன்பம் பெருகுமேயன்றிக் குறையாது. எனது மறுப்பு வேறு. திட்டங்கள் தீட்டுவோர் காக்கப்படும் சொத்தின் பெறுமதியைக் கொண்டு நன்மையை அளக்கின்றனர். அவ்வளவுகோலில் ஒரு மாளிகை நூறு குடிசைகளை வென்றுவிடும்; ஆகவே அடுத்த அணையும் மாளிகையின் பக்கமே எழும். பிறர் வீடு நனைவதால் தன் வீடு உலர்ந்திருக்கிறதெனின், உலர்ந்தவன் நனைந்தவனுக்குக் கடன்பட்டவன். அக்கடனை நாம் 'நிவாரணம்' என்று பெயரிட்டு, அரிசிப் பொதியாகவும் பாய் தலையணையாகவும் வழங்கிப் புகைப்படமும் எடுத்துக்கொள்கின்றோம்! நகரின் குப்பையும் இவ்வழியே சென்றது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொலன்னாவைப் பகுதியின் மீதொட்டமுல்லையில் கொழும்பின் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அணைக்குள்ளே நிலத்தின் விலை ஏறுவதற்கு அணையும் ஒரு காரணம். அவ்வேற்றத்தில் ஒரு பங்கை வரியாகப் பெற்று, வெளியே வாழ்வோரின் வீடுகளை உயர்த்திக் கட்டவும், இடம்பெயர விரும்புவோர்க்குத் தொழிலுக்கு அண்மையிலேயே மனை வழங்கவும் செலவிடலாம். காணி உறுதியில்லாதோரும் வாடகைக்கு இருப்போரும் அக்கணக்கிற் சேர்க்கப்படல் வேண்டும். பெரும்பாலும் முதலில் விடுபட்டுப்போவோர் அவர்களே. நிலவுடைமையாளர் இதற்கு எளிதில் இணங்கார். இணங்காமைக்கு அவர்கள் கூறும் காரணங்களை அணைக்கு வெளியே நின்று கூறட்டும். மழைக்காலத்திற் கூறினால் இன்னும் நன்று.